கையால் திருத்தக் கூடாத பட்டியல்

அந்த அலுவலகத்தில் காலையில் முதலில் நுழைகிறவன் நான். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருக்கும் வளாகத்தில் ஒரு கட்டடம், ஐந்தாவது மாடி. ஆறரை மணிக்குக் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனால் ஒன்பது மணி வரை வேறு யாரும் வரமாட்டார்கள். அங்கே விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைவு தெரிந்தால் எரியும். நான் தரையைத் துடைத்துக்கொண்டு போகும்போது என் தலைக்கு மேலே ஒவ்வொன்றாக எரியும். கடந்து வந்தவை பின்னால் ஒவ்வொன்றாக அணையும். எப்போது பார்த்தாலும் வெளிச்சத்தில் நான் மட்டும் நிற்பேன், முன்னும் பின்னும் இருட்டாக இருக்கும்.

சரியாக ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் இருக்கும் பிரிண்டர் தானாக விழித்துக்கொள்ளும். உள்ளே ஏதோ உருளும், பிறகு ஒன்பது தாள்கள் வரும். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தத் தாள்கள் யாருக்காக வந்தனவோ அவர் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவர் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வலியசாலைக்காரர். அந்த மாடியில் என்னோடு தமிழில் பேசிய முதல் ஆள். எனக்குச் சொந்த இடம் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட். படித்தது நான்காம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. கூச்சம் வேறு. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தந்த கார்டில் வேறொருவன் படம் இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் வராமல் ஒரு வாரம் அந்த முகத்தோடு வந்து போனேன். கவனித்து மாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

"உம்ம மூஞ்சி இதவிட நன்னாத்தானே இருக்கு. எதுக்கு இன்னொருத்தனத் தூக்கிண்டு அலையறீர்?" என்று கேட்டார்.

இருந்தவரை அவர் மட்டும் ஏழே காலுக்கே வந்துவிடுவார். தாள்களை எடுத்து மேசையில் வைத்து, டீயும் வைத்திருப்பேன். ஒருநாள் அது என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இவர்கள் எழுதும் புரோகிராம் கடைசியில் மெஷினுக்கு மட்டும் புரியும் ஒரு கோப்பாக மாறிவிடும். மனிதன் திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. அந்த மாதிரிக் கோப்புகளைத் திறந்து, இது எந்த மெஷினுக்கு உண்டானது, உள்ளே எந்தப் பகுதி எங்கே கிடக்கிறது என்று சொல்லும் வேலையைச் செய்கிற தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதைக் கவனிப்பது அவர் பொறுப்பு. தாளில் இருப்பது அந்தத் தொகுப்பு தனக்குள்ளே பயன்படுத்தும் பெயர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்ப வரும் என்பது மட்டும் அதில் இருக்கும். வேலையைச் செய்யும் பகுதி வேறு கோப்பில் இருக்கும்.

"எக்ஸ்டென்ஷன் நம்பர் லிஸ்ட் மாதிரியா சார்?" என்றேன். டீ போடும் பான்ட்ரிச் சுவரில் அப்படி ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆபீசுக்குள் யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது என்று.

அவர் சிரித்தார். "அதேதான். வெளியாளுக்குக் குடுக்கப்படாது. அவாளுக்கு வேற லிஸ்ட் உண்டு."

முதல் தாளின் தலையில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். கையால் திருத்தாதே, இது தானாக உண்டாவது என்று அதற்கு அர்த்தமாம். ஒவ்வொரு கோப்பிலும் அடையாளம் வைத்த வரிகளை ஒரு சிறிய புரோகிராம் தினமும் காலையில் பொறுக்கி எடுத்து இந்தப் பட்டியலைச் செய்கிறது. இதில் எதையாவது அழித்தால் மறுநாள் அது திரும்ப வந்துவிடும்.

இன்றைய தாளையும் நேற்றைய தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கிழக்குப் பக்கக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துப் பார்ப்பது அவர் பழக்கம். வெயில் பட்டு இரண்டு தாளின் எழுத்தும் தெரியும். "படிச்சா மனசு தப்ப மூடிடும். வெளிச்சம் மூடாது, கேட்டேளா" என்பார். சில நாள் கை வலிக்கிறது என்று என்னைப் பிடிக்கச் சொல்வார். எங்கே மாற்றம் என்று எனக்கும் தெரிய ஆரம்பித்தது. அதுவரை ஒன்றாக இருந்த எழுத்துகள் அந்த வரிக்குக் கீழே எல்லாம் இரட்டையாகத் தெரியும்.

கடைசியாக அவர் என்னிடம் சொன்ன வேலை ஒன்று உண்டு. மேசைக்கு அடியில், டிராயருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி, "யாரு சொன்னாலும் இத ஆஃப் பண்ணிடாதீங்கோ. இது பாட்டுக்கு வேல பாக்கட்டும்" என்றார். சரி சார் என்றேன்.

அவர் இறந்த மறுவாரம் சிஸ்டம் பிரிவு ஆட்கள் வந்து திரை, கீபோர்டு எல்லாம் எடுத்துப் போனார்கள். டிராயருக்குப் பின்னால் யாரும் குனிந்து பார்க்கவில்லை. "எல்லாம் எடுத்தில்லே அண்ணாச்சி?" என்று ஒருவன் மலையாளத்தில் கேட்டான். எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் குறைவு. இதைச் சொல்லும்போது நாக்கு குழறக்கூட இல்லை. அவருக்குக் கொடுத்த வார்த்தை ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. ஏழு மணிக்கு அந்தத் தாள்கள் வருகிறவரை அந்த இருட்டில் நான் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் வேலைக்கு வந்தது, அதே கம்பெனியில் வேறு குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி. பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிகிற வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேலை உறுதி என்று கடிதம் வரும், அல்லது வராது. நாங்கள் இருவரும் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து அவள் பான்ட்ரிக்கு வந்தால் என்னோடு பேசுவாள்.

திங்கட்கிழமை மாலை வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, எனக்குக் கிறுக்கு புடிச்சிருக்குன்னு நெனைக்காவ."

"என்னாச்சும்மா?"

"லிஸ்டுல ஒரு பேரு இருக்கு. ஆளு கெடையாது. எந்த ஃபைல்லயும் அதுக்கு வேலை எழுதல. எங்கேருந்து வருதுன்னும் தெரியல. நம்ம தொகுப்ப வாங்குற வெளியூர்க் கம்பெனிக்கு இந்த உள் லிஸ்டும் சேந்து போயிட்டு. பேரு இருக்கு, சாமானம் எங்கன்னு அவங்க கேக்காவ. நான் தெனமும் சாயங்காலம் அந்த வரிய அழிக்கேன். காலைல வந்து பாத்தா திரும்ப இருக்கு."

திரும்ப எழுதுவது யார் என்று பார்த்தால், குழு முழுவதற்கும் பொதுவான ஒரு பெயரில் பதிவாகியிருக்கிறதாம். அந்த வேலையில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நம்பவில்லை. "மோளே, இது ராத்திரி தனியே எழுதி வெய்க்குமோ?" என்று கேட்டு, சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"இந்த வேல போச்சுன்னா வீட்டுல என்னயத் திரும்ப வெளிய விடமாட்டாவ அண்ணே" என்றாள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போதே உள்ளே எதுவோ இடறியது. ஆனால் காலைத் தாள்களையும் அவள் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கப் பயமாக இருந்தது. செவ்வாய் மாலை அவள் வரியை அழித்துவிட்டு, அழித்ததற்கு அத்தாட்சியாகப் பட்டியலைத் தாளில் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். புதன் காலை ஏழு மணிக்குப் பிரிண்டர் விழித்தது. ஒன்பது தாள்களையும் எடுத்தேன். அவள் தாள்களையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கண்ணாடிக்குப் போனேன்.

முதல் ஐந்து தாளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. ஆறாவது தாளில் பாதிக்குக் கீழே எழுத்துகள் இரட்டையாகிவிட்டன. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நான் அசையாமல் நின்றதால் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்துவிட்டது. அந்த மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவள் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் வரி வந்திருந்தது.

மேசைக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியைத் தொட்டேன். தூங்குகிற பிள்ளையின் முதுகு போலச் சூடாக இருந்தது.

அன்று முழுவதும் அவளிடம் சொல்ல நான்கு முறை போனேன், நான்கு முறையும் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பொய் சொல்லிக் கம்பெனிப் பொருளை ஒளித்து வைத்தவன் என்று ஆகிவிடும். என்னை எடுத்த கான்ட்ராக்டர் மறுநாளே வேறு ஆளை அனுப்புவான். அதைவிட, பெட்டியை அணைத்துவிடுவார்கள். இது எனக்கு எவ்வளவு பெரிய காரணமாக இருந்தது என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வியாழன் காலை நான் உள்ளே போனபோது தூரத்தில் ஒரு நீல வெளிச்சம் தெரிந்தது. நான் நடக்க நடக்க விளக்குகள் எரிந்துகொண்டே போய்க் கடைசியில் அவள்மேல் எரிந்தன. அவள் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்பம்மா வந்தீங்க?"

"ஆறு மணிக்கு. செக்யூரிட்டிகிட்ட கெஞ்சி வந்தேன். இன்னைக்கு என் கண்ணு முன்னாடி அது எப்படி வருதுன்னு பாக்கணும். நீங்களும் நில்லுங்கண்ணே. நான் தொடலன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்."

நான் நின்றேன். துடைப்பம் கையில் இருந்தது. திரையில் பட்டியல் திறந்திருந்தது. அந்த வரி இல்லாத பட்டியல். இருவரும் அசையாததால் விளக்கு அணைந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை.

ஏழு மணிக்கு எங்களுக்குப் பின்னால் பிரிண்டர் உருள ஆரம்பித்தது. அதே நேரம் திரையில் எழுத்துகள் ஒருமுறை துடித்து, அடியில் இருந்தவை ஒரு வரி கீழே இறங்கின. நடுவில் அந்தப் பெயர் வந்து நின்றது.

"தொடல அண்ணே" என்றாள், கிசுகிசுப்பாக. "பாத்தியளா, நான் தொடல."

"தெரியும்மா. நீங்க இல்ல" என்றேன். "நான்தான்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அவள் பயந்தது அந்த ஒரு கணம் என்னைப் பார்த்துத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ந்தாற்போல் அவ்வளவு வார்த்தை நான் யாரிடமும் பேசியதில்லை.

டிராயரை இழுத்துப்போட்டுப் பெட்டிக்கு ஒரு திரையை மாட்டினாள். அவருடைய அறையைத் திறந்து உள்ளே போனது போல இருந்தது. வேறெங்கும் இல்லாத ஒரு கோப்பு அதில் மட்டும் இருந்தது. பாதியில் அறுந்துபோன கோப்பு ஏதாவது வந்தால், அதில் எவ்வளவைக் காப்பாற்றலாம் என்று பார்க்கிற வேலைக்கு அவர் ஒரு பெயரை மட்டும் வைத்திருந்தார். அதற்குக் கீழே, மிச்சம் நாளைக்கு என்று எழுதியிருந்தார். கோப்பில் இருந்த தேதி அவர் கடைசியாக ஆபீசுக்கு வந்த நாள். அதன்பின் ஒவ்வொரு காலையும் அந்தச் சிறிய புரோகிராம் அந்தப் பெயரைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவளுடைய பட்டியலில் வைத்திருக்கிறது.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"இது ஆரு ஓஃபாக்காதெ வெச்சது?"

"ஞான்தன்னே சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சிரித்த ஆட்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை. "சோரி, மோளே" என்றார். பிளக்கை என்னையே பிடுங்கச் சொன்னார். அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்த விசிறி நின்றபோதுதான் தெரிந்தது.

அவள் அந்த வரியைக் கடைசி முறையாக அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று வெளியூர்க் கம்பெனிக்கு எழுதினாள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாலையில் பதில் வந்தது. அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். அழிக்கக் கூடாதாம். பட்டியலில் பெயரைப் பார்த்து, அது வரத்தான் போகிறது என்று நம்பி, அவர்கள் தங்கள் புரோகிராமில் பல இடங்களில் அதைக் கூப்பிட்டு எழுதிவிட்டார்களாம். பெயர் இல்லாவிட்டால் அவர்களுடைய வேலை மொத்தமும் நின்றுவிடும். உள்ளே உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்ததை அவர்கள் தொட்டிருக்கக் கூடாதுதான். மேனேஜர் அதைச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெயருக்கு உரிய வேலையை எழுதித் தரவேண்டும். கடிதமும் அதைப் பொறுத்துத்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் பான்ட்ரியிலேயே நின்றேன். மதியம் அவள் வந்தாள்.

"எழுதிட்டீங்களாம்மா?"

"சார் மனசுல என்ன வச்சிருந்தாரோ, அத யாரால எழுத முடியும்? ஒரு நாள்ல ஆகிற வேலையா அது. அதனால அத யாரு கூப்பிட்டாலும், முடியாதுன்னு பதில் சொல்ற மாதிரி எழுதி வச்சிருக்கேன். அவ்வளவுதான் அதுக்கு வேலை."

"அது போதுமா?"

"போதும்னுட்டாங்க. கூப்பிட்டா ஏதாவது பதில் வந்தா போதுமாம், நிக்காம ஓடிருமாம்."

ஐந்து மணிக்கு அவளுக்குக் கடிதம் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. திங்கட்கிழமையிலிருந்து எதிர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடி, பொய் சொன்னதற்கு எச்சரிக்கை. வேலை போகவில்லை. அவள் மேனேஜரிடம் ஏதோ பேசியிருக்கிறாள், என்ன என்று நான் கேட்கவில்லை.

போகும் முன் அவளிடம் விடைபெற அவள் மேசைக்குப் போனேன். பட்டியல் திறந்திருந்தது. அந்த வரியைக் காட்டி, "இனி இத எப்பம்மா எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்கவே முடியாதுண்ணே. அங்க இருந்து தெனமும் கூப்பிடுவாங்க. கூப்பிடும்போதெல்லாம் இங்க ஓரத்துல ஒரு வரி காட்டும். இனி யாராவது தெரியாம இத அழிக்காம நான்தான் பாத்துக்கிடணும். லெட்டர்ல அதுவும் என் பொறுப்புன்னு போட்டிருக்கு."

அப்போதுதான் ஒருமுறை யாரோ அதைக் கூப்பிட்டிருக்க வேண்டும். திரையின் மூலையில் ஒரு சிறிய வரி ஓடி மறைந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.