அக்கா சொல்லாத பன்னிரண்டு வார்த்தைகள்

அக்கா கசாப்புக்காரி. முழு ஆட்டை அவள் எலும்பு வேறு, கறி வேறாகப் பிரிக்கிற வீடியோக்களுக்கு மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். போனில் படம் பிடிப்பது தங்கச்சியான நான். உழைப்பு அவளுடையது, சேனல் மட்டும் அவள் புருஷன், அதாவது மாமா பெயரில். அந்த மனுஷனுக்குக் கறியைத் தின்னத்தான் தெரியும்.

எதிர்த்துப் பேசினால் அடிப்பார். அதற்கும் அடங்காவிட்டால் சேனலைப் பூட்டிவிடுவார். வீடியோக்களைப் போடுகிற கம்பெனிக்கு அக்கா எழுதிக் கெஞ்சினாள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்று பதில் வந்தது.

அக்கா கம்பெனியே இல்லாத ஒரு புது ஏற்பாட்டுக்கு மாறினாள். யார் யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் அது சிதறிக் கிடக்கும், ஒருத்தர் நினைத்தால் மூட முடியாது. சந்தா நேராக அவளுக்கு வரும். திறக்கிற சாவி பன்னிரண்டு வார்த்தைகள். மறந்தால் மீட்டுத்தர ஆள் கிடையாது. அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை, என்னிடமும் மூச்சு விடவில்லை. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

மாமா புகார் கொடுக்க ஆபீஸ் தேடினார். அப்படி ஒன்று இல்லை, சாவி வார்த்தைகள் அக்காவின் தலைக்குள்தான் என்று தெரிந்ததும் நேராகக் கடைக்கு வந்து ஷட்டரை இறக்கினார். குறுக்கே போன என்னை அறைந்த அறையில் தராசு மேஜையில் மோதி விழுந்தேன். அக்காவின் வலது கையை வெட்டுக்கட்டையில் அழுத்தி, அவள் கத்தியையே ஓங்கினார்.

"சொல்லுடி அந்த வார்த்தைங்கள!"

"சொல்லித் தொலைக்கா!" என்று நானும் கத்தினேன்.

அக்கா அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தாள். "கத்தி புடிக்கக்கூடத் தெரியல உனக்கு."

கத்தி இறங்கியது. ஆள்காட்டி விரல் போனது. அவள் பல்லைக் கடித்தாள். மறுபடி இறங்கியது. நடுவிரலும் போனது. கைக்கு அகப்பட்ட எடைக்கல்லை அவர் மண்டையில் போட்டேன். அதற்காக எனக்குத் துளி வருத்தமில்லை. பிழைத்து ஜெயிலில் கிடக்கிறார், அதுதான் வருத்தம்.

ஆஸ்பத்திரியில் அவளைத் திட்டித் தீர்த்தேன். "கைதானே உன் பொழப்பு, லூசு! சொல்லியிருந்தா என்ன?"

"சேனல் கம்பெனிகிட்ட இருந்தப்போ அவன் அடிக்காமலே குடுத்துட்டாங்க. இது என்கிட்டதானே இருந்துச்சு."

கட்டுப் பிரிக்கும் முன்பே படம் பிடிக்கச் சொன்னாள். இடது கையில் கத்தி. தொடைக்கறியைக் கந்தலாகக் கிழித்தாள். அவ்வளவு கேவலமான வெட்டை நான் பார்த்ததே இல்லை.

"இத போட வேணாங்கா. மானம் போயிடும்."

"என் வெட்டு," என்றாள். "போடு."