நாலாம் மாடிப் பால்கனி

எங்கள் கட்டடக் காவலர் எல்பியோவை மொந்தேவிதேயோவில் அதிகம் பேருக்குத் தெரியாது. படி பெருக்குவார், லிஃப்ட் நின்றால் அதைத் திட்டுவார், ஞாயிறானால் வண்ணப் பெட்டியும் பலகையுமாக எதிர்ச்சாரியில் போய் உட்கார்ந்துவிடுவார். வரைந்ததெல்லாம் ஒரே படம்தான்: எங்கள் கட்டடம். கோபுரமும் தூண்களுமாகத் தெருவையே அதட்டிக்கொண்டு நிற்கிற கட்டடம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் மாத்தே என்கிற கசப்புத் தேநீருக்கான கிண்ணமும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாகக் கடற்கரைக்குப் போய்விடும். நகர நடுவே ஈ, காக்கை இருக்காது. மூட்டுவலியால் வீட்டோடு தங்குகிறவள் நாலாம் மாடி நிபியாம்மா ஒருத்திதான். கணவர் போன பிறகு தனியாள். பால்கனியில் உட்கார்ந்து மாத்தே உறிஞ்சியபடி கீழே கத்துவாள்.

"எல்பியோ, நீலச் சட்டை போட்டிருக்கேன். மூக்கைக் கொஞ்சம் சின்னதா போடுப்பா!"

"அசையாம உக்காருங்கம்மா. இல்லேன்னா மூக்கு கடற்கரை வரைக்கும் போயிரும்!"

வரையத்தான் செய்தார். ஆனால் முடிக்கிற நேரத்தில் தள்ளி நின்று பார்த்தால் அந்த நீலப் புள்ளி உறுத்தியது. அவள் இருக்கும்வரை அது யாரோ குடியிருக்கிற வீடு. சாம்பல் நிறத்தைக் குழைத்து அவள்மேல் ஒரு பூச்சு பூசினார். கட்டடம் சட்டென்று தன்னந்தனியாக, பிரம்மாண்டமாக நிமிர்ந்துவிட்டது. பேட்டை மன்றத்தின் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசு.

நிபியாம்மா வலியோடு வலியாக, வெளியூர் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். முத்துத் தோடு, உதட்டுச் சாயம். நாலாம் மாடியைத் தேடினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேடினாள்.

"நீ எங்க இருக்கே? படத்துல நான்தான் ராணின்னு பீத்திக்கிட்டே?" என்றாள் நாத்தனார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்பியோ மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

நிபியாம்மா சிரித்தாள். "அந்த நேரம் வெந்நீர் வெக்க உள்ள போயிட்டேன். நான் வர்ற வரைக்கும் அவரு காத்துக்கிட்டு இருப்பாரா?"

அவள் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். மறுநாளே மேலே போய்க் கதவைத் தட்டினார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. உங்களை மறுபடி போட்டுர்றேன்."

"ஐயோ, வேணாம்பா. ஆளில்லாமத்தான் அழகா இருக்கு. குறுக்க உக்காரக் கூடாதுன்னு எனக்குத்தான் தோணாம போச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை பால்கனிச் சுருள்கதவை இறக்கிக்கிறேன். நீ நிம்மதியா வரை."

குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அவரே என்னிடம் சொல்லி அழுதார்.

அதோடு எல்பியோ தூரிகையைத் தொடவில்லை. ஆனால் ஞாயிறு வந்தால், இங்கே நடுக்கோடையான ஜனவரிப் புழுக்கத்திலும் நாலாம் மாடிச் சுருள்கதவு இறங்கிவிடுகிறது. எதிர்ச்சாரியில் யாருமே இல்லை என்று தெரியாமல் அவள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ச் சொல்கிறேன் என்றால், வேண்டாமென்று மனிதர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார்.

"நீயாவது போய்ச் சொல்லித் தொலையேன்யா, வரையறத விட்டுட்டேன்னு!" என்று போன வாரமும் கத்தினேன்.

"சொன்னா, ஏன் விட்டேன்னு கேப்பாங்களே," என்றார் எல்பியோ.