முறைக்காரி துடைத்த நினைவகம்

லுசாகாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியைப் பார்த்துக்கொள்பவள் லிண்டிவே ஜெரே. ஒன்பது வருஷமாக அவள் பிழைப்பே அடுத்தவன் சிந்தியதைக் கூட்டுவதுதான். ஒருத்தன் புரோகிராம் பாதியில் செத்து விழும். அது மற்ற புரோகிராம்களோடு பகிர்ந்துகொள்ளப் பிடித்துவைத்த நினைவகமும், ஒரே இடத்தில் இரண்டு பேர் பாயாமல் தடுக்கும் செமஃபோர்களும் அப்படியே கிடக்கும். உடையவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். தின்ற தட்டைக் கழுவாத ஜன்மங்கள்!

அன்று காலை ஓடிவந்தவன் கசோண்டே, டாக்டர் பட்டத்துக்காக ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் ஆராய்ச்சி மாணவன். அவன் பெம்பா, அவள் ங்கோனி. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இந்த இரண்டு இனமும் இப்போது கேலி முறை; எதிர்ப்பட்டால் வையாமல் நகரக்கூடாது. சாவு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பதும் முறைக்காரர் பாடுதான்.

"எலி தின்னி, படம் வரையுற புரோகிராம் கெளம்பமாட்டேங்குது. இடமில்லையாம். நாலு மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு."

"வா, குரங்கு தின்னி. எத்தனை பொணம் போட்டு வச்சிருக்கே, பாரு."

அவன் பெயரில் நாற்பத்தொரு துண்டு நினைவகம். செமஃபோரும் அதே அளவு.

"எல்லாத்தையும் அழிச்சிடு."

"மூணு நாளா ஓடுதே உன் வெள்ளக் கணக்கு, அதையும் சேர்த்தா?"

அவன் முகம் தொங்கிவிட்டது. மதியம் முடியவேண்டிய அந்தக் கணக்கு இல்லாவிட்டால் தேர்வே இல்லை.

நினைவகம் சுலபம். எத்தனை புரோகிராம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பட்டியலே சொல்லும். சைபர் என்றிருந்த நாற்பதை வழித்துப் போட்டாள். செமஃபோர் அப்படி வாய் திறக்காது. கடைசியாகத் தொட்ட புரோகிராம் எது, அது உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினாள். மிஞ்சியது ஒன்று. அதைத் தொட்டது மூன்று நாளுக்கு முன்பே செத்திருந்தது. கணக்குப்படி அதுவும் குப்பைதான்.

விரல் விசைக்குப் போய் நின்றது. சாவு வீட்டில் முறைக்காரி எதை வேண்டுமானாலும் தூக்கலாம், வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

"இது எந்தப் புரோகிராமோடது?"

கசோண்டே குனிந்து பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெள்ளக் கணக்கோடது. கெளப்பிவிட்ட புரோகிராம் அதை உண்டாக்கிட்டு அப்பவே போயிடுச்சு. கணக்கு முடியறப்போ இதைத் தொட்டுத்தான் முடிவை எழுதும்."

"நல்லவேளை கேட்டேன். இல்லேன்னா இன்னைக்கு உன்னையும் சேர்த்துல்ல தூக்கியிருப்பேன்."

மதியம் கணக்கு முடிந்தது. இடம் கிடைத்ததும் படமும் வந்தது. அவன் தேர்ச்சி பெற்ற செய்தி மாலையில் கட்டடம் பூராவும் கேட்டது. அவன் குரல் அப்படி.

மறுநாள் காலை லிண்டிவே பட்டியலைத் திறந்தாள். கசோண்டே பெயரில் ஒரே ஒரு குட்டித் துண்டு, யாரும் ஒட்டாமல் கிடந்தது. படித்துப் படித்துச் சொன்னாலும் திருந்தாத ஜன்மம் என்று முணுமுணுத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தது:

"எலி தின்னி, மிச்சம் எல்லாத்தையும் நானே கூட்டிட்டேன். இது உனக்காக விட்டது. நீ கேட்டதாலதான் நான் டாக்டர்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. யாரும் ஒட்டாத துண்டை அழிப்பதுதான் அவள் வேலை.

அதை மட்டும் அவள் அழிக்கவில்லை.