பெரிய எல், சின்ன எல்

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு எங்கள் துறையில் ஓர் ஒழுங்கு உண்டு. லகரத்துக்குச் சின்ன எல், ளகரத்துக்குப் பெரிய எல். குறிலுக்குச் சின்ன எழுத்து, நெடிலுக்குப் பெரிய எழுத்து. மொழியியல் வகுப்பில் இதைக் கற்ற நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் தட்டி அனுப்பும் செய்திகளில் பள்ளியும் பல்லியும் ஒரே எழுத்துகளில் கிடந்து என்னை வருத்திக்கொண்டிருந்த காலம் அது. அன்றுமுதல் என் கணினிக் கோப்புகள் அனைத்துக்கும் அந்த ஒழுங்கின்படியே பெயரிட்டேன். சென்ற சம்பாப் பருவத்தில் அதே ஒழுங்கு என்னை ஒரு பிற்பகல் முழுவதும் பாடாய்ப் படுத்தி, பிறகு தலைகால் புரியாமல் குதிக்கவும் வைத்தது.

என் முதுகலை ஆய்வு நெல்வயல் களைகளின் பெயர்களைப் பற்றியது. வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில் களையெடுக்கும் பெண்களை என் சித்திதான் திரட்டி அழைத்துப் போவார். அவரும் மற்றவர்களும் வரப்பில் நின்று பெயர்களைச் சொல்லச் சொல்ல, நான் பதிவு செய்துகொண்டேன். பெயரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அல்லர் அவர்கள். ஒவ்வொரு களைக்கும் ஒரு வசை, ஒரு நையாண்டி, இடையில் ஒரு சிரிப்பு. அச்சில் ஏற்றினால் பெயர் மட்டும் மிஞ்சும் என்பதால், பெயரைத் தொட்டால் குரல் கேட்கும்படி ஒரு சிறிய இணையச் செயலி செய்தேன்.

நெறியாளரான பேராசிரியர் அதைப் பார்த்து மகிழ்ந்தார், பிறகு தயங்கினார்.

“இணையதளத்த ஆய்வேடுன்னு யுனிவர்சிட்டிக்கு எப்படிம்மா அனுப்பறது? சரி, திங்கக்கிழமை வாய்மொழித் தேர்வுல என் போன்ல இது தொறக்கணும், குரல் கேக்கணும். கேட்டா நான் பேசிக்கறேன். இல்லேன்னா ஒழுங்கா டைப் பண்ணி பைண்டிங் போட்டுக் குடுத்துடு.”

“குரலெல்லாம் என்ன மேடம் பண்றது?”

“பின்னிணைப்புல ‘ஒலிப்பதிவு உள்ளது’ன்னு ஒரு வரி போட்டுக்கலாம்.”

ஒரு வரி! சித்தியின் வாயை ஒரு வரிக்குள் அடக்க எங்கள் ஊரில் எவராலும் முடிந்ததில்லை.

செயலி என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. மடிக்கணினியில் மட்டுமே ஓடியது என்பதுதான் இடர். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் என் விடுதித் தோழியிடம் போய் நின்றேன். அதிராம்பட்டினத்துக்காரி, கணினிப் பயன்பாட்டியல் படிப்பவள், நான் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் மூன்று வாக்கியங்களைப் பேசி முடிப்பவள்.

“லேப்டாப்ப மேடம் கையில குடுத்து, இதையே போன்னு நெனச்சுக்குங்கன்னு சொல்லப் போறியா?” என்றாள். “இங்க பாரு. செயலி, அதுக்கு வேண்டிய சாமான், குரல் பைலு, எல்லாத்தையும் ஒரே பொட்டியில கட்டுறோம். அதான் கன்டெய்னர். எங்க எறக்குனாலும் பிரிச்சு வச்சு ஓடும்.”

“எங்க எறக்குறது?”

“சர்வர்லெஸ் கிளஸ்டர்ல.”

“சர்வரே இல்லாம எப்படி...”

“இருக்குடி, நம்மளுது இல்ல. நடவுக்கு ஆள் கூப்புடுறாங்கள்ல, மாசச் சம்பளத்துக்கா வச்சுக்கிறாங்க? எங்கயோ கூட்டமா மெஷினுங்க நிக்குது, அதான் கிளஸ்டர். யாராச்சும் லிங்க்க தொட்டா ஒரு ஆள் எறங்கும். பத்துப் பேரு தொட்டா இன்னும் நாலு ஆள் எறங்கும். யாருமே தொடலன்னா வயல்ல ஒருத்தரும் இல்ல.”

இருந்துகொண்டே இல்லை என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பொருள் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். பெட்டிக்கு ஒரு பெயர் கேட்டது. களை என்று ஒழுங்காக, பெரிய எல் போட்டுத் தட்டினேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: பெயரில் சின்ன எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்.

“சின்ன எல் போடுடி,” என்றாள்.

“போட்டா கலைன்னு ஆயிடும்.”

“ஆகட்டுமே!”

“களைக்கும் கலைக்கும் வித்தியாசம் இல்லையா?”

“இந்தக் காலேஜு ஆண்டு விழாவ நீ பாத்ததில்லையா?”

நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அவளோ என் தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவராலும் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை. எல் எழுத்தை இரட்டித்துப் பார்த்தோம். அது கள்ளையா கல்லையா என்று சண்டை வந்தது. புல் என்று வை, அதில் சின்ன எல்தானே என்றாள். எல்லாக் களையும் புல் அன்று, கோரையும் புல் அன்று, ஆரையும் புல் அன்று என்றேன். “யா அல்லாஹ், பொட்டி பேர யாருமே பாக்க மாட்டாங்கடி!” என்று அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

கலை என்றே வைத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அரைகுறையாகக் கீழ்ப்படிவது என் இயல்பில் இல்லை. இந்த உலகத்தில் பெரிய எழுத்துக்கே இடமில்லை போலும் என்று முடிவு செய்து, செயலியின் நிரலில் குரல் கோப்புகளைச் சுட்டும் பெயர்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் சின்ன எழுத்தாக மாற்றினேன். மடிக்கணினியில் மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் குரலும் கேட்டது. பெட்டியைக் கட்டினோம், ஏற்றினோம், கிளஸ்டரிடம் ஒப்படைத்தோம். காத்திருக்கிறது என்றது. தொடங்குகிறது என்றது. பிறகு பச்சையாக, ஓடுகிறது என்றது.

தோழி தன் கைப்பேசியில் லிங்க்கைத் தொட்டாள். என் பக்கம், நான் எழுதிய தலைப்போடு, அவள் உள்ளங்கையில் விரிந்தது. இருவரும் எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றினோம். நான் அப்படிச் சுற்றி அவள் அதுவரை பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

பிறகு கோரையைத் தொட்டாள். சத்தமில்லை. ஆரை, சத்தமில்லை. வல்லாரை, குதிரைவாலி, கையாந்தகரை என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனோம். வயல் முழுவதும் ஊமையாகிக் கிடந்தது. அருகம்புல்லைத் தொட்டபோது மட்டும் சித்தி கணீரென்று, “அருகு! வேரு ஒரு விரக்கடை கெடந்தாலும் மறுவாரம் வந்து நிக்கும், வீட்டு மாப்ள மாதிரி!” என்றார்.

“உங்க புள்ளையாருக்குப் புடிச்சது மட்டும் ஓடுது. போய் ஒரு தேங்காய ஒடைச்சிட்டு வா,” என்றாள் தோழி.

அவள் வேகமாகத் திரையை உருட்டிக் காரணம் தேடினாள். நான் அசையாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோரையில் நெடில் இருக்கிறது. ஆரையில் நெடில். குதிரைவாலியில் நெடில். அருகம்புல்லில்? மனத்துக்குள் எழுத்தெழுத்தாக எழுதிப் பார்த்தேன். நெடில் இல்லை, ளகரம் இல்லை. எங்கள் துறையின் ஒழுங்கின்படி எழுதினாலும் முதலிலிருந்து கடைசிவரை சின்ன எழுத்துகளே வரும் ஒரே களை அதுதான்.

“என் லேப்டாப்புக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணா?” என்று கேட்டேன்.

“பைல் பேர்லயா? ஆமா, அது கண்டுக்காது.”

“இந்தப் பொட்டிக்குள்ள?”

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். “அங்க வேற வேற,” என்று மெல்லச் சொன்னாள். பிறகு நாற்காலியிலிருந்து கிட்டத்தட்ட விழுந்தாள். “அடிப்பாவி! பைலு பேரெல்லாம் பெருசாவே கெடக்கு, நீ தேடச் சொல்றது சின்னத!”

பெயர்ப்பலகையில் ளகரத்தை அனுமதிக்காத அதே பெட்டி, உள்ளே லகரத்தையும் ளகரத்தையும், குறிலையும் நெடிலையும் என் பேராசிரியரைவிடக் கண்டிப்பாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது! எனக்கு அதன் மேல் எழுந்த மரியாதை சொல்லில் அடங்காது. நிரலில் சுட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பழையபடி திருத்தினேன். மீண்டும் கட்டி, மீண்டும் ஏற்றினோம். கோரையைத் தொட்டதும் சித்தி வாய் திறந்தார். நான் விடுதித் தாழ்வாரத்தில் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் விளக்கமில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்க, பேராசிரியர் தன் கைப்பேசியில் லிங்க்கைத் தொட்டார். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுழன்றது.

“சுத்துதும்மா.”

“வரும் மேடம். ரொம்ப நேரமா யாரும் தொடல. இப்பதான் கெளம்பி வருது.”

“யாரு?”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். பக்கம் விரிந்தது. நீர்மேல் நெருப்பு என்ற பெயரில் விரலை வைத்தார்.

“நீர்மேல் நெருப்பு! பேரப் பாரு, சினிமாவுக்கு வச்ச மாதிரி. எலயக் கசக்கி வச்சா எரியும்டி, வச்சுப் பாக்குறியா?” என்றது கைப்பேசி.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பேராசிரியர் உதட்டைக் கடித்துக்கொண்டு கோரையைத் தொட்டார்.

“கோரை. கெழங்கோட புடுங்கணும். மேலாப்புல கிள்ளிப்புட்டு நிமுந்து நின்னு போனு பாக்குறவளுக்கு அரக் கூலிதான்!”

கையில் கைப்பேசியோடு நின்றிருந்த பேராசிரியர் சட்டென்று அதைத் தாழ்த்தினார். தாழ்த்தியதை நினைத்து அவரே சிரித்துவிட்டார். “இந்த லிங்க்க வகுப்புக் குழுவுல போடும்மா, எல்லாரும் கேக்கட்டும்,” என்றார்.

போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். எங்கோ நின்ற இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் ஆரை, ஒரு மூலையில் குதிரைவாலி, மூன்று இடங்களில் வீட்டு மாப்பிள்ளை. சித்தியும் அவரோடு களையெடுக்கும் பெண்களும் வகுப்பறை முழுவதும் ஒருவரையொருவர் மறித்துப் பேசத் தொடங்கினார்கள். எதிர் வகுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

“சரிம்மா, சரி! ஆய்வேடாவே அனுப்பறேன், யாரு கேட்டாலும் நான் பேசிக்கறேன்!” பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். “மொதல்ல இவங்கள நிறுத்து!”

நிறுத்துவதற்கென்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்பது அந்தக் கணம்வரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.