என் மருவை எடுத்தது யார்?

சிங்கப்பூரில் என் கழுத்து மருவை டாக்டர் வெட்டியெடுத்தார். புற்றுநோய் இல்லை என்று முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

லீவுக்கு ஊர் வந்திருக்கிறேன். இன்று நாகல் நகர் பூக்கடையில் அம்மா சொன்னார்: "கோயில்ல உப்பு மிளகு போட்டேன், இவளுக்கு மரு தானா உதிர்ந்துருச்சு."

பூக்கார அக்கா உடனே காலைக் காட்டினார்.

"இந்த மச்சம் பெருசாகிட்டே வருது, ரத்தம் வேற கசியுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இருந்தேன். அப்ப நானும் உப்பே போட்டுர்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை விலக்கித் தையல் தழும்பைக் காட்டினேன்.

"உதிரலக்கா, வெட்டுனாங்க. நாளைக்கு நானே உங்கள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

"நானும் வாரேன்" என்றார் அம்மா, உப்புப் பொட்டலத்தோடு.

அக்காவுக்குச் சரியானால் பேர் யாருக்கு? நீங்களே சொல்லுங்கள்.