விஸ்வநாதனின் இரண்டு பட்டன்கள்

தென்காசியில் விஸ்வநாதன் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. சாமி பெயர் அல்லவா. அதனால் தேரடிக்குப் பின்னால் குடியிருந்த இந்த விஸ்வநாதனைப் 'பேச்சு விசுவம்' என்றால்தான் ஆள் விளங்கும். பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் செங்கோட்டையில் இறங்க மறந்து புளியறை வரைக்கும் போய்விடுவான் என்று கேலி பேசுவார்கள். கோயில் பொறுப்புகளைப் பார்த்துவந்த பழைய குடும்பம். வயல்கள் தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டன. மிஞ்சியது வீடும் இந்த வாய்ப்பேச்சும்தான்.

ஆனால் பார்த்த வேலைக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் கிடையாது. போனில் ஓடும் ஆப்களை எழுதுகிறவர் அவர். அதிலும் அவர் பொறுப்பு ஒரு சின்ன மூலை. மனிதர் ஒரு பட்டனை அழுத்தினால் அது ஆப்பின் காதில் எப்படி விழவேண்டும் என்பதுதான் அது. பட்டன் போன் காலத்தில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டன்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, போன் முழுக்கக் கண்ணாடியாகி, கீபோர்டு திரையில் வரும் படமாக மாறியது வரைக்கும் அதே மூலையிலேயே இருந்தார்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஊருக்கு வந்தார். மனைவி ஜோதிலட்சுமி சென்னையில் பள்ளி ஆசிரியை. மகள் லோகநாயகிக்குப் படிப்பும் அங்கேதான். கொஞ்ச நாள் இப்படி இருந்து பார்ப்போம் என்று தொடங்கியது அப்படியே வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் போனில் பேசிக்கொள்வார்கள். கத்தரிக்காய் விலையிலிருந்து மகளின் கணக்கு மார்க் வரைக்கும் பேச்சு ஓடும். அவர்கள் குடித்தனம் நடந்ததே அந்தப் போனில்தான்.

பிறகு தொண்டை கம்மியது. சளி என்று நினைத்தார். கஷாயம் குடித்தார். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தின் அடியில் ஒரு துவாரம் வைத்தார்கள், இனி மூச்சு அதன் வழியாகத்தான் என்றார்கள். ஜோதிலட்சுமி லீவு போட்டு வந்து கூடவே இருந்தாள். புண் ஆறி, அவராகவே சாப்பிடத் தொடங்கியதும் பள்ளிக்கூடம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது.

"போன் பண்ணுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

பண்ணவும் செய்தாள். ஆனால் போனை எடுத்து என்ன செய்வது? அவள் பேசுவாள், இவர் நகத்தால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒருத்தி எவ்வளவு நேரம்தான் பேசுவாள்? மெல்ல அது மெசேஜ் ஆயிற்று. 'சாப்டாச்சா', 'ஆச்சு'. கல்யாணமான நாளிலிருந்து பேச விஷயமில்லாமல் இருந்ததே இல்லை அவர்களுக்கு. இப்போது விஷயம் இருந்தது, அதைச் சொல்லும் ஆவல்தான் விரல் நுனிக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிற்று.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மசூதின் டீக்கடை. மசூது சின்ன வயதுச் சேக்காளி. அங்கே உட்கார்ந்துகொண்டு போனில் எழுதிக் காட்டிப் பேசப் பார்த்தார். யாராவது ஒரு விஷயத்தைத் தொடங்கும்போதே இவருக்குள் ஒரு பதில் முளைத்துவிடும். அதைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடித்து, பேசவைக்கும் பட்டனைத் தொட்டு, போன் செய்தி வாசிக்கிற குரலில் அதைச் சொல்லும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மழையைப் பற்றிச் சொன்ன கேலி, இழவு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒலிக்கும். எல்லாரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்து, மரியாதைக்குச் சிரிப்பார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மெல்ல எழுதும்வே, நாங்க எங்க போயிரப் போறோம்" என்றார் மசூது. ஆனால் அடுத்த டீ கேட்டவனிடம் திரும்ப வேண்டியிருந்தது அவருக்கு.

அன்று வீட்டுக்கு வந்ததும் விஸ்வநாதன் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரைக் கீபோர்டு என்பது தனி ஆள், அது நடுவில் நின்று தனக்குத் தோன்றியபடி எழுத்தைக் கொடுக்கும். போனின் விலாவில் இருக்கும் வால்யூம் பட்டன்கள் அப்படியல்ல. அழுத்தும்போது ஒரு தகவல், விரலை எடுக்கும்போது ஒரு தகவல், இரண்டும் நேராக ஆப்புக்கு வரும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். இருப்பது இரண்டே பட்டன்கள். தொட்டு விடுவது, அழுத்திப் பிடிப்பது, இரட்டையாகத் தட்டுவது என்று பிரித்தால் ஆறு வாக்கியம் வைக்கலாம்.

ஆறே வாக்கியம் என்றதும்தான் யோசிக்க வேண்டியிருந்தது. 'தண்ணி வேணும்', 'வலிக்குது' என்று தொடங்கி எல்லாவற்றையும் அழித்தார். கடைசியில் மேல் பட்டனுக்கு முதலில் வைத்தது இது: 'இருங்க, ஒண்ணு சொல்லணும்.'

மறுநாள் டீக்கடையில் அதை அழுத்தினார். பேச்சு நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் நிதானமாக எழுதி முடித்தார், போன் வாசித்தது, எல்லாரும் உண்மையாகவே சிரித்தார்கள். தன் கழுத்தின் துவாரத்திலிருந்து காற்று புஸ்ஸென்று வெளியேறியதைக் கேட்டுத் தானும் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

குரல் மட்டும்தான் யாரோ ஒரு அந்நியனின் குரலாக இருந்தது. தன்னுடைய பழைய வாய்ஸ் மெசேஜ்களை அனுப்பும்படி ஜோதிலட்சுமிக்கு எழுதினார். அதிலிருந்து வாக்கியங்களை வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பதில் சாயங்காலம்தான் வந்தது. 'போன் மாத்தும்போது எல்லாம் போயிருச்சுங்க. எடுத்து வைக்கணும்னு தோணல.' அதன் கீழே இன்னும் எதையோ எழுதுகிறாள் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை.

ஆடிச் சாரலுக்கு லோகநாயகி வந்தாள். பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பாவின் ஆப்பை ஒரு முறை அழுத்திப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்றாள். ஐந்தருவிக்குப் போகலாம் என்றாள். அருவி, ஆறு, குளம் எதிலும் இறங்கக்கூடாது, கழுத்துக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குத்தான் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். தென்காசியில் பிறந்து வளர்ந்து, சாரல் காலத்தில் அருவிக்குப் போகாத வருஷம் என்று ஒன்று அவர் கணக்கில் இல்லை. மகள் குளிக்கட்டும், நாம் தள்ளி நின்று பார்ப்போம் என்று கிளம்பினார்.

லோகநாயகி பெண்கள் பக்கம் போனாள். அவர் கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு, அவளுடைய பையோடு கடை ஓரத்தில் நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க இளவட்டங்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருவன் அவர் கையைப் பிடித்தான்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு தூரம் வந்துட்டு நனையாம நிக்கிய? வாங்க!"

அவர் தலையை ஆட்டினார். அவன் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான். "ஏலே, அண்ணாச்சிக்கு வழி விடுங்கலே" என்று சிரித்துக்கொண்டே இழுத்தான். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. விஸ்வநாதன் சட்டைப் பையில் இருந்த போனின் கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தார். 'வேண்டாம், கழுத்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு' என்று அது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதுதான் உறைத்தது. திரை அணைந்திருந்தால் போன் அந்தப் பட்டனைத் தனக்கே வைத்துக்கொள்ளும், ஆப்புக்குத் தராது. எத்தனையோ வருஷம் இதே வேலை பார்த்த மனிதர், வீட்டில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் திரையை எரியவிட்டே பார்த்திருக்கிறார்.

போனை வெளியே எடுத்தார். சாரல் கண்ணாடியில் விழுந்தது. ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகிவிட, திரைக் கீபோர்டு யாரும் தொடாமலே அர்த்தமில்லாத எழுத்துகளை வரிவரியாக அடித்துக்கொண்டே போனது. அதற்குள் அருவி தெறிக்கும் இடத்துக்கே வந்துவிட்டார்கள். கழுத்துத் துணி நனைந்து ஒட்டியது. அடுத்த வீச்சில் தண்ணீர் உள்ளே இறங்கியது.

முழங்காலிட்டு விழுந்தார். இருமலுக்கும் சத்தம் இல்லை. வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து, இழுத்து வந்தவன் முதலில் சிரித்தான். துணி விலகிய இடத்தைப் பார்த்ததும் அலறினான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்து, தூக்கிக்கொண்டுபோய்க் குனியவைத்து முதுகைத் தட்டினார். மூச்சு திரும்பியபோது எதிரே அந்தப் பையன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பனே அண்ணாச்சி. ஒரே ஒரு வார்த்தை."

ஈரத் தலையோடு ஓடிவந்த லோகநாயகி அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அழுத்துனீங்களாப்பா?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலியா?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். லோகநாயகிக்குக் கல்லூரிச் சேர்க்கை இருந்தது. ரயிலடியில் அப்பாவின் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டு ஏறினாள். ஜோதிலட்சுமி போன் பண்ணி, "அங்கல்லாம் எதுக்கு அவளோட போனீங்க" என்று கேட்டாள். குரல் நடுங்கியது. கோபமா பயமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்பதற்கும் வழியில்லை. ஒரு தட்டுத் தட்டினார்.

அதன் பிறகு பல நாள் டீக்கடைக்குப் போகவில்லை. வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு ஆப்பிலேயே கிடந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், திரை அணைந்திருந்தாலும் வால்யூம் பட்டனின் தகவல் அந்தப் பாட்டை ஓட்டும் ஆப்புக்குப் போகும். ஆகவே சத்தமே இல்லாத ஒரு பாட்டை எந்நேரமும் ஓடவிட்டார். போன் ஏமாந்தது, பையில் கிடந்தபடியே பேசியது. செல்ஃபி எடுக்க விற்கும் சின்ன ரிமோட் பட்டனையும் வாங்கி இணைத்தார். அதுவும் வால்யூம் பட்டனின் தகவலைத்தான் அனுப்பும் என்பதால் உள்ளங்கைக்குள் மூடிவைத்து அழுத்தினாலே போதும். நனைந்த விரல், நனைந்த கண்ணாடி, இருட்டு எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். குளியலறையில் தனியாக நின்றுகொண்டு 'வேண்டாம், வேண்டாம்' என்று போனைச் சொல்லவைத்துக்கொண்டிருந்த சாயங்காலங்கள் அவை.

மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த சஃப்ரின் இதைக் கேள்விப்பட்டு எழுதினாள். சிவகிரியில் தங்கத்தாய் என்று ஒரு அம்மாளுக்கும் இதே ஆபரேஷன், எழுதப் படிக்கத் தெரியாது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள். விஸ்வநாதன் புளியங்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்.

தங்கத்தாயின் மகன் ராணுவத்தில், காஷ்மீர்ப் பக்கம். மருமகள் உமாராணி பகலெல்லாம் கூட்டுறவு சங்கத்தில் வேலை. இவர் போனில் எழுதிக் காட்டியதை உமாராணி மாமியாருக்குப் படித்துச் சொன்னாள். என்னென்ன வாக்கியம் வேண்டும்? சோறு, தண்ணீர், மாத்திரை? தங்கத்தாய் எல்லாவற்றுக்கும் கையை வீசினார். பிறகு வாசல் கதவைக் காட்டி, காற்றில் தட்டிக் காட்டினார்.

"அதுவா! பகல்ல யாராச்சும் வந்து தட்டுவாங்க சார்" என்றாள் உமாராணி. "இவங்களுக்கு முட்டு வலி, எந்திச்சு வர நேரமாகும். சத்தம் குடுக்கவும் முடியாதுல்லா, ஆளில்லன்னு போயிருதாங்க. அத்தை கதவத் தெறக்கதுக்குள்ள தெருமுனை தாண்டிருதாங்க. இப்ப ஒருத்தரும் வாரதே இல்ல."

உமாராணியின் குரலிலேயே பதிவு செய்தார்கள். முதலில் மெதுவாகச் சொன்னாள். தங்கத்தாய் உதட்டைப் பிதுக்கினார், கையை உயர்த்தி இன்னும் சத்தமாக என்று காட்டினார். உமாராணி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, மாமியார் ஒருகாலத்தில் கத்தியதுபோலவே கத்தினாள்.

"யாரது? நில்லுங்க, வாரேன்!"

தங்கத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

வீட்டிலிருந்த போனில் ஆப்பை ஏற்றி, கொண்டுவந்திருந்த இன்னொரு ரிமோட்டைத் தங்கத்தாய் கையில் கொடுத்துவிட்டு, சரிபார்க்க விஸ்வநாதன் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தட்டினார்.

"யாரது? நில்லுங்க, வாரேன்!"

உள்ளேயிருந்து வந்த அந்தச் சத்தத்தில் அவர் திடுக்கிட்டார். அது வெறும் பதிவு என்று தெரிந்தும், 'நான்தான், விசுவம்' என்ற பதில் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. தன் கைக்குள் இருந்த பட்டனைத் தேடினார். ஆறு வாக்கியங்களில் அது இல்லை. மறுக்கவும் நிறுத்தவும் வழி செய்துகொண்டவர், தான் யார் என்று சொல்ல ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தங்கத்தாய் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து திறக்கும்வரை அங்கேயே நின்றார். அவ்வளவு நேரம் தன் வாசலில் ஒரு ஆள் நின்றதைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அன்று சாப்பிடாமல் விடவில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு 'நான்தான், விசுவம்' என்று சேர்த்துக்கொண்டார். அதை எங்கே அழுத்துவது என்பதுதான் தெரியவில்லை. பெரும்பாலும் அவர் போகிற இடத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது, தெரியாத இடத்துக்கு அவர் போவதில்லை.

லோகநாயகி கோயம்புத்தூரில் படிக்கிறாள். பரீட்சை, பிராஜெக்ட் என்று அடுத்த சாரலுக்கு வரவில்லை. சென்னையில் அந்த வீட்டில் இப்போது ஜோதிலட்சுமியும் தனியாகத்தான் இருக்கிறாள். ஊருக்கு வருவதைப் பற்றி அவளும் எழுதவில்லை, இவரும் கேட்கவில்லை. மசூதின் கடையில் ஒரு வேளை டீ, ஒருமணி நேரப் பேச்சு என்று போகிறது.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் உமாராணியிடமிருந்து போன் வந்தது. விஸ்வநாதன் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பழைய போன் ஒன்றை அதன் பக்கத்தில் பதில் சொல்ல வைத்தார்.

"சார், ஒண்ணுமில்ல, அத்தைதான் என்னப் பாடாப் படுத்துதாங்க. தெருவுல சும்மா போறவங்களயும் பட்டன அழுத்தி நிறுத்திருதாங்க. உள்ள வந்தா விடமாட்டேங்காங்க. இப்ப இன்னொண்ணு வேணுமாம்."

என்ன என்று பழைய போன் கேட்டது.

"கெட்ட வார்த்தை சார். பக்கத்து வீட்டு ஆடு நம்ம முருங்கைய மேஞ்சிருது. அத ஏசணுமாம். சுத்தமா சொல்லணும்னு நிக்காங்க. நானே பேசி அனுப்பட்டா?"

கழுத்துத் துணி அசையும் அளவுக்கு விஸ்வநாதன் சிரித்தார். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்டிருக்காது. அனுப்பச் சொன்னார். வந்ததை நாலைந்து முறை கேட்டு, முன்னும் பின்னும் இருந்த இரைச்சலை வெட்டி, கீழ்ப் பட்டனின் இரட்டைத் தட்டுக்கு அதை வைத்துச் சிவகிரிக்கு அனுப்பினார். பிறகு எழுந்து போய் ஒருவருக்கான உலை வைத்தார்.