மாட்டுவண்டி ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

நான் வாங்கிய மார்க் முப்பத்தாறு. முப்பத்துநான்கு என்று சிவப்பு மையில் போட்டவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவரோடு மல்லுக்கு நிற்க இப்போது வழியில்லை. ஆனாலும் தப்புக் கணக்கு தப்புக் கணக்குதான். நானும் போய்விட்டால் அந்த முப்பத்துநான்கைத் தப்பு என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மார்ச்சில் வரும். அதற்கு முன்னால், பொங்கல் கழிந்த கையோடு, பள்ளிக்கூடமே ஒரு பரீட்சை வைக்கும். செலக்ஷன் என்று பெயர். அதில் தேறியவர்களைத்தான் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். தேறாதவன் இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். பையன்களின் நன்மைக்காக என்று சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது என்பதற்காக, தோற்கக்கூடியவனை முன்கூட்டியே தோற்கடித்துவிடுகிற ஏற்பாடு அது. எழுபது வருஷம் யோசித்தும் அதில் வேறு நன்மை எனக்குத் தட்டுப்படவில்லை.

என் அப்பா பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் பரீட்சைக்கு முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். செலக்ஷனில் நின்றுபோனால் ராயகிரிக்குப் போக வேண்டும். அங்கே மாமாவின் வயலைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. வயல் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் மூத்த அண்ணன் ஒரே ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் அங்கே போனான். நான் இதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவன் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

மற்றப் பாடங்களில் எனக்குப் பயமில்லை. இங்கிலீஷில்தான் பயம். நூற்றுக்கு முப்பத்தைந்து வேண்டும். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் மார்க் போடுகிறவர் அல்ல, கழிக்கிறவர். ஒரு எழுத்துப் பிழைக்கு அரை, ஒரு கமா விட்டால் அரை, வேற்றுமை உருபு மாதிரி அங்கங்கே வருகிற சின்னச் சொற்கள் மாறினால் அரை. குருவிகுளத்திலிருந்து வந்து படித்த ஒருவன் என் பெஞ்சில் இருந்தான். ஆடித்தபசைப் பற்றி ஒரு முறை நாலு பக்கம் கட்டுரை எழுதினான். கோமதியம்மன் தேர் வருவது, கூட்டத்தில் தன் தங்கச்சியைத் தொலைத்தது, புற்றுமண் வாங்கும் இடத்தில் அவளைக் கண்டுபிடித்தது எல்லாம் அதில் இருந்தது. எல்லாம் அவனே யோசித்து எழுதின இங்கிலீஷ். பதினைந்துக்கு இரண்டரை கிடைத்தது. நோட்ஸில் இருந்த பதினேழு வரியை உருப்போட்டு எழுதினவனுக்குப் பதினொன்று. நிறைய எழுதினால் நிறையப் பிழை வரும், நிறையப் பிழை வந்தால் நிறையப் போகும். அந்த வகுப்பில் நாங்கள் கற்றுக்கொண்ட இங்கிலீஷ், எவ்வளவு குறைவாக எழுதித் தப்பிக்கலாம் என்பதுதான்.

அதனால் சுருக்கி எழுதும் கேள்வி எனக்குப் பிடிக்கும். அதை நாங்கள் பிரெசிஸ் என்போம். வாத்தியார் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு, ‘பிரேசி’ என்பார். விழுங்கத் தெரியாதவன் பெஞ்சு மேல் ஏற வேண்டும். ஒரு பத்தியைக் கொடுத்து அதை மூன்றில் ஒரு பங்காக்கச் சொல்லுவது. எண்ணத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் செலக்ஷனில் வந்த பத்தி ஒரு கிராமத்துச் சந்தையைப் பற்றியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதினது போலிருந்தது. மாட்டுவண்டி மெதுவாகப் போகிறது என்று நாலு வாக்கியத்தில் ஆச்சரியப்பட்டிருந்தார். ஊதா மையில் நகலெடுத்த கேள்வித்தாளில், பத்தியின் மேலே, இதில் நூற்றெண்பது வார்த்தைகள் உள்ளன, அறுபது வார்த்தைக்கு மிகாமல் சுருக்குக, மிகும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அரை மார்க் குறைக்கப்படும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் முதலில் எழுதியதில் அறுபத்துமூன்று வந்தது. ‘தி’ என்கிற சின்ன இங்கிலீஷ் சொல்லை மூன்று இடத்தில் வெட்டினேன். சரியாக அறுபது. அந்த மூன்று ‘தி’ இருந்திருக்க வேண்டிய இடத்தில் வாத்தியார் மூன்று அரை மார்க்கைப் பிறகு கழித்திருந்தார். அது என் தப்பு. அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தோரு எண்கள் இருந்தன. என் எண் இல்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்தபோது பார்த்தேன். மொத்தம் முப்பத்தாறு என்று எழுதி, அடித்து, முப்பத்துநான்கு ஆக்கியிருந்தது. சுருக்கத்தின் ஓரத்தில் அறுபத்துநான்கு என்று போட்டு வட்டம் சுழித்திருந்தது. நாலு வார்த்தை அதிகமாம். நாலு அரை, இரண்டு மார்க்.

அறுபத்துநான்கு எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. இங்கிலீஷில் மாட்டுவண்டி என்பதை மாட்டுக்கு ஒரு சொல், வண்டிக்கு ஒரு சொல் என்று வைத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு ஒட்டியிருந்தார்கள். சந்தைவெளி என்பதும் அப்படித்தான். என் விடையில் மாட்டுவண்டி மூன்று தடவை, சந்தைவெளி ஒரு தடவை. நான் கோட்டோடு எழுதி ஒவ்வொன்றையும் ஒரு சொல்லாக எண்ணியிருந்தேன். வாத்தியார் ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணியிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்காமலே பேசினார்.

“நடுவுல ஒரு கோட்டை இழுத்துட்டா ரெண்டு வார்த்தை ஒண்ணாயிருமாலே?”

“கேள்வித்தாள்லயும் கோடு இருக்கு சார்.”

“கேள்வித்தாளுக்கு யாரும் மார்க் போடுததில்ல.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கேள்வித்தாளில் இருந்த பத்தியின் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் எண் போட்டேன். கோடு போட்டதை ஒரே சொல்லாக வைத்தால் நூற்றெண்பது. மறுபடியும் எண்ணினேன், நூற்றெண்பது. கோடு போட்ட சொற்கள் அதில் ஆறு. அவற்றை இரண்டிரண்டாக எண்ணினால் நூற்றெண்பத்தாறு. அதில் மூன்றில் ஒரு பங்கு அறுபத்திரண்டு. அப்படியென்றால், வாத்தியார் சொல்லுகிற மாதிரி என் விடை அறுபத்துநான்கு என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டுதான் அதிகம். போக வேண்டியது ஒரு மார்க். மிச்சம் முப்பத்தைந்து. ஒன்றாக எண்ணினால் முப்பத்தாறு. எப்படி எண்ணினாலும் நான் தேறியிருக்கிறேன். பத்தியை ஒரு விதமாகவும் என் விடையை வேறு விதமாகவும் எண்ணினால் மட்டும்தான் நான் தோற்க முடியும். அதைத்தான் அவர் செய்திருந்தார்.

மறுநாள் இதைத் தமிழ் ஐயாவிடம் காட்டினேன். அவர் இங்கிலீஷ் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டார். மாடு பூட்டிய வண்டி என்பது தொக்கி நிற்பதால் அது தொகை, தொகையை ஒரே சொல்லாகத்தான் கொள்ள வேண்டும், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே அவர் இலக்கணம் சொல்லுவதும், உம்ம இலக்கணமெல்லாம் இங்கிலீஷ்கிட்ட செல்லாது வே என்று இங்கிலீஷ் வாத்தியார் மறுப்பதும் கேட்டன. அப்போது ஓவிய வாத்தியார் நடுவில் புகுந்தார்.

“ரெண்டு மாடு, ஒரு வண்டி. மூணா எண்ணிரும் வே. பய இன்னும் நல்லா ஃபெயிலாவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் ஐயாவும் சிரித்துவிட்டார். எனக்கும் வாய் வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ராயகிரி வயலில் நிற்கப்போகிறவன் நான், வராந்தாவில் நின்று சிரிக்கப் பார்த்தேன்.

ஐயா வெளியே வந்து தாளைக் கொடுத்தார். சொல்லிப் பார்த்ததாகவும், ஹெட்மாஸ்டரிடம் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். தனியாகப் போகாதே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

அப்பாவிடம் காட்டினேன். பத்திரத்தைப் படிப்பதுபோல விரலை வைத்து எண்ணினார். அவருக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனால் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். முடித்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு,” என்றார். என் கணக்கு ஒன்றை அவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

ஹெட்மாஸ்டர் எங்களை நிற்க வைத்துக்கொண்டு கேள்வித்தாளில் இருந்த பத்தியைத் தானே எண்ணினார். உதடு அசைந்தது. கோடு வந்த ஆறு இடத்திலும் பென்சில் முனை நின்று நின்று போயிற்று. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் ஓரத்தில் சின்னதாக நூற்றெண்பது என்று எழுதினார். பிறகு ஆளை அனுப்பி இங்கிலீஷ் வாத்தியாரை வரவழைத்தார். இருவரும் ஜன்னல் பக்கம் போய் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில், பையன் சொல்லுவது சரி என்ற வாக்கியம் இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஹெட்மாஸ்டர் திரும்பி வந்து உட்கார்ந்து அப்பாவிடம் பேசினார். வாத்தியார் போட்ட மார்க்கை மாற்றுகிற வழக்கம் இந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அப்படி ஆரம்பித்தால் நாளைக்கு நின்றுபோன ஏழு பேரும் தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் ஒரு மார்க் கருணை மார்க் போட ஹெட்மாஸ்டருக்கு அதிகாரம் உண்டு. பையன் அதைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். இங்கிலீஷில்.

“அது எனக்கு வரவேண்டிய மார்க் சார்,” என்றேன்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். முந்தின நாள் விரலை வைத்து எண்ணினவர்தான் அவரும்.

“எழுதுலே.”

“கணக்கு சரின்னு நீங்களும் சொன்னீங்கள்லா?”

“சரிதான். ராயகிரி பஸ் நாலரைக்கு. எழுதுதியா, ஏறுதியா?”

எழுதினேன். எழுத்தர் அறையில் இடம் கொடுத்தார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலாம் பாரத்திலிருந்து எங்களுக்கு ஆறு கடிதங்கள் உருப்போட வைத்திருந்தார்கள். லீவு கேட்டு ஒன்று, பள்ளிக்கூடச் சம்பளத்தில் சலுகை கேட்டு ஒன்று, அபராதத்தை நீக்கக் கேட்டு ஒன்று, இப்படி ஆறு. ஆறிலும் கெஞ்சல்தான். ஒன்றிலாவது, நீங்கள் செய்தது தப்பு என்று ஒருவரிடம் எப்படிச் சொல்லுவது என்று கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் எழுது என்றால் அன்றைக்கு என்னால் எழுதியிருக்க முடியாது. மிகத் தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுவது மட்டும் கையிலிருந்து தானாக வந்தது.

இங்கிலீஷ் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். மார்க் குறைந்ததற்குக் காரணம் போடவில்லையே என்றார். காரணம் என்ன என்று கேட்டேன். ‘ஓயிங் டு மை கேர்லெஸ்னெஸ்’ என்று போடு என்றார். என் அஜாக்கிரதையால். நான் பேனாவை வைத்துவிட்டேன். அஜாக்கிரதை யாருடையது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அப்பா வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வேண்டுமென்றே பார்த்தாரா, லீவு முடிகிறதே என்று பார்த்தாரா, எனக்குத் தெரியாது. மணி மூன்றே முக்கால். பேனாவை எடுத்து அந்த நாலு சொல்லையும் எழுதினேன்.

முடித்தபோது ஐம்பத்தெட்டுச் சொற்கள் இருந்தன. அதில் தாழ்மை மூன்று, தயவு இரண்டு, கெஞ்சல் இரண்டு. வாத்தியார் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுக்க வேலை இருக்கவில்லை.

“ஒரு தப்பு இல்லையே. இப்படி எழுதத் தெரியுதுல்லா? இதைப் பரீட்சையில எழுதுததுக்கென்ன?” என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் சொன்னார்கள். இருக்கலாம். நான் அவருடைய குணத்தைப் பற்றி இங்கே பேசவில்லை.

பதிவேட்டில் என் பெயருக்கு நேரே முப்பத்துநான்கு, பக்கத்தில் கூட்டல் ஒன்று, கருணை என்று எழுதினார்கள். பட்டியலில் முப்பத்திரண்டாவதாக என் எண்ணைக் கையால் எழுதி ஒட்டினார்கள். மார்ச்சில் எழுதினேன், தேறினேன். அப்பா அதற்குப் பிறகு ராயகிரியைப் பற்றிப் பேசவில்லை. அந்த மனுவைப் பற்றியும் பேசவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், மனு எழுதிக் கொடுத்து நாலு நாள் கழித்து, காலையில் நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து ஐந்தாம் பாரத்திலிருந்து இங்கிலீஷ் வாத்தியாரின் குரல் கேட்டது. நடுவில் இருந்தது தட்டி மறைப்பு, அதனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. மாதிரிக் கடிதம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வாக்கியம் வாக்கியமாக வாசித்தார். பிறகு எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். ஐந்தாம் பாரத்தில் அப்போது நாற்பத்துமூன்று பேர். நாற்பத்துமூன்று பேரும் ஒரே குரலில், என் அஜாக்கிரதையால் என்று, மூன்று தடவை சொன்னார்கள்.